இன்ஜின் ஓடாமலே ஏர் பிரேக் சோதனை

மூன்றாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் துறை



சிக்னலில் லாரி வந்து நிற்கும்போது "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். சின்ன வயதிலிருந்து நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய சத்தம்தான். அது பிரேக் பிடிக்கும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்று வெளியேறும் சத்தம். டிரைவர் கால் பிரேக்கை விடும்போதோ, கை பிரேக்கைப் போடும்போதோதான் அந்தக் காற்று வெளியே வருகிறது. கால் பிரேக் பிடிக்கும்போது காற்று உள்ளேதான் போகும். சத்தம் அதிகம் இருக்காது.

அந்தக் காற்று சரியாக உள்ளே போகிறதா, போன காற்று உள்ளேயே நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ஏர் பிரேக் சோதனை. வழக்கமாக எல்லோரும் இன்ஜினை ஓட்டி, ஏர் ஏற்றி, பெடலை மிதித்துப் பார்க்கிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வண்டியின் இன்ஜினைத் தொடாமல், பட்டறையில் இருக்கும் கம்ப்ரஸரிலிருந்து வெளிக்காற்றைக் கொடுத்துச் சோதிப்பது. நம் சிலபஸில் ஏர் பிரேக் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ளதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காற்று செய்யும் வேலை

முதலில் பாடத்தைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இன்ஜினால் சுழலும் கம்ப்ரஸர் காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று டெலிவரி குழாய் வழியாக அன்லோடர் வால்வு அல்லது ஏர் டிரையருக்கு வருகிறது. அங்கே ஈரம் குறைக்கப்படுகிறது. குறித்த அழுத்தம் வந்ததும் மேலும் ஏறாமல் காற்று வெளியே திருப்பப்படுகிறது. பிறகு சிஸ்டம் புரொடெக்‌ஷன் வால்வு காற்றைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கிறது. முன் பிரேக்குக்கு ஒரு டேங்க், பின் பிரேக்குக்கு ஒரு டேங்க், பார்க்கிங் பிரேக்குக்கு ஒரு வழி. டிரைவர் பெடலை மிதித்தால் புட் வால்வு திறந்து, டேங்க்கில் உள்ள காற்று பிரேக் சேம்பருக்குப் போகிறது. சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரம் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பும். அது கேமைத் திருப்ப, கேம் ஷூவை விரிக்க, லைனிங் டிரம்மில் அழுந்தும்.

எவ்வளவு பலம்? சேம்பரின் மேல் 24, 30 என்று எண் இருக்கும். அது டயாபிரத்தின் பயன்படும் பரப்பு, சதுர அங்குலத்தில். டைப் 30 சேம்பருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று போனால், புஷ் ராடில் 30 × 100 = 3000 பவுண்டு விசை. அதாவது சுமார் 1360 கிலோ. அழுத்தம் 60 பவுண்டாக இறங்கினால் விசை 1800 பவுண்டு, சுமார் 816 கிலோ. டிரைவரின் கால் அதே அழுத்துத்தான் அழுத்தும். சக்கரத்தில் பிடிப்பு மட்டும் பாதியை நோக்கிப் போய்விடும். ஏர் லீக் என்பது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

"ஏர் போனா தானாப் பிடிச்சுக்கும்" என்பது பாதி உண்மை

காற்று பிரேக்கை அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்காகப் பேடன்ட் எடுத்தார். முதலில் அவர் செய்ததில் காற்று வந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது! அதனால் 1872-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி செய்தார்.

லாரியில் இந்த இரண்டு முறையும் கலந்து இருக்கின்றன. கால் பிரேக் காற்று வந்தால் பிடிப்பது. பார்க்கிங் பிரேக் காற்று போனால் பிடிப்பது. பின் அச்சில் உள்ள சேம்பர்களில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும்.

இதை வைத்துத்தான் பலர், "ஏர் போனா என்ன, பிரேக் தானாப் பிடிச்சுக்கும்" என்று தைரியமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஸ்பிரிங் பிடிப்பது பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே. அதுவும் அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகே. அதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. கால் பிரேக்குக்குப் போதிய பலம் இல்லை, ஸ்பிரிங்கும் இன்னும் முழுதாக விரியவில்லை. தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில், பாரம் ஏற்றிய வண்டிக்கு அந்த இடைவெளி போதும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்தச் சாலையில் பல வண்டிகள் மோதி உயிர்கள் போனதைச் செய்தியில் பார்த்தோம். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அங்கே இறங்கும் ஒவ்வொரு லாரியின் டேங்க்கிலும் காற்று நிற்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கு

இன்ஜினை ஓட்டிச் சோதிப்பதில் என்ன தவறு? இதைப் புரிந்துகொள்ள ஆறாம், ஏழாம் வகுப்பில் போட்ட தொட்டிக் கணக்கு ஞாபகம் வந்தால் போதும். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. நிரப்பும் குழாய் பெரிதாக இருந்தால், காலி செய்யும் குழாய் திறந்திருப்பதே வெளியே தெரியாது. தொட்டி நிரம்பியே காட்டும்.

லாரியிலும் அதே கதைதான். ஒரு உதாரணம் போடுவோம். கம்ப்ரஸர் ஒரு சுற்றுக்கு 300 சி.சி. காற்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் கணக்குப்படி 300 லிட்டர். நடைமுறையில் இதற்குக் குறைவாகத்தான் வரும். இருந்தாலும் பெரிய அளவுதான். இப்போது வண்டியில் மொத்தம் 60 லிட்டர் டேங்க் இருக்கிறது. எங்கோ லீக் இருப்பதால் நிமிடத்துக்கு 0.5 பார் இறங்குகிறது என்று கொள்வோம். வெளியேறும் காற்று எவ்வளவு? 60 × 0.5 = 30 லிட்டர்.

கம்ப்ரஸர் தருவது நூற்றுக்கணக்கான லிட்டர், லீக்கில் போவது 30 லிட்டர். இன்ஜின் ஓடும்வரை டேஷ்போர்டு முள் அசையாமல் "எல்லாம் சரி" என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால், கால் மணி நேரத்தில் 8 பார் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆக, இன்ஜினை ஓட்டிச் சோதிப்பவர் லீக்கைச் சோதிக்கவில்லை. கம்ப்ரஸருக்கும் லீக்குக்கும் நடக்கும் போட்டியில் கம்ப்ரஸர் ஜெயிப்பதை மட்டும் பார்க்கிறார்.

இன்ஜின் சத்தம் இன்னொரு தடை. டீசல் இன்ஜின் உறுமும்போது மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் காதில் விழாது. வெளிக்காற்று கொடுத்தால் வண்டி அமைதியாக நிற்கும். லீக் இருக்கும் இடம் தானே சொல்லும்.

வெளிக்காற்று எப்போதெல்லாம் உதவும்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் பாடி கட்டும் பட்டறைகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே வெளிக்காற்றுக்கு வேலை அதிகம்.

இன்ஜின் இறக்கி வேலை நடக்கும் வண்டியின் பிரேக்கை, இன்ஜின் திரும்ப ஏறும்வரை காத்திராமல் பார்த்துவிடலாம். ஏர் இல்லாமல் பார்க்கிங் பிரேக் பிடித்து நின்றுவிட்ட வண்டியை நகர்த்த, காற்று கொடுத்து ஸ்பிரிங்கை விடுவிக்கலாம். பிரைம் மூவர் இல்லாமல் தனியாக நிற்கும் டிரெய்லரைச் சோதிக்கலாம். மூடிய செட்டுக்குள் இன்ஜினை மணிக்கணக்கில் ஓட்டிப் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான பயன், பழுதை இரண்டாக வெட்டிப் பார்ப்பது. வெளிக்காற்று கொடுத்ததும் முள் விறுவிறுவென்று ஏறி, அடைத்த பிறகு அசையாமல் நின்றால், டேங்க் முதல் சேம்பர் வரை எல்லாம் நல்லது. குற்றம் அதற்கு முன்னால் இருக்கிறது. அதாவது கம்ப்ரஸர், காற்று இழுக்கும் குழாய், டெலிவரி குழாய், அன்லோடர். முள் இறங்கினால் குற்றம் பின்னால் இருக்கிறது.

இதை நான் டிரெய்னிங் போன பட்டறையில் கண்ணால் பார்த்தேன். ஒரு லாரியில் ஏர் ஏறவே இல்லை. ஓனர் புதுக் கம்ப்ரஸர் வாங்கப் பணத்தோடு வந்து நின்றார். மேஸ்திரி, "இருங்கண்ணே, மொதல்ல வெளி ஏர் குடுத்துப் பாத்துருவோம்" என்றார். காற்று கொடுத்ததும் 8 பார் ஏறியது. அடைத்தோம், முள் அப்படியே நின்றது. "பின்னாடி சுத்தம். முன்னாடிதான் எங்கியோ அடைச்சிருக்கு" என்று சொல்லி டெலிவரி குழாயைக் கழற்றினார். உள்ளே கரி படிந்து, பென்சில்கூட நுழையாத ஓட்டை. குழாயை மாற்றியதும் பழைய கம்ப்ரஸரே ஏற்றிவிட்டது. ஓனர் கொண்டுவந்த பணத்தில் முக்கால்வாசி அவர் பையிலேயே திரும்பிப் போனது.

தேவையான சாமான்கள்

பட்டறைக் கம்ப்ரஸர், தண்ணீர் பிரிக்கும் பில்டர், அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், ஒரு பிரஷர் கேஜ், ஒரு பால் வால்வு, நல்ல ஹோஸ், வண்டிக்குப் பொருந்தும் கப்ளிங். இவ்வளவுதான். இதோடு சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ், சாக்பீஸ், ஸ்கேல், கடிகாரம்.

ரெகுலேட்டர் இல்லாமல் ஒருபோதும் மாட்டக் கூடாது. லாரி ஏர் பிரேக் பொதுவாக 7 முதல் 8.5 பார் வரை வேலை செய்யும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. பட்டறைக் கம்ப்ரஸர் 10 பாருக்கு மேலும் ஏறும். நம் பக்கம் போர் போடும் ரிக் லாரிகள் நிறைய. அந்தக் கம்ப்ரஸரின் அழுத்தம் பிரேக் டேங்க் தாங்கும் அளவைவிட மிக அதிகம். "பக்கத்துல ரிக் நிக்குது, அதிலேருந்து ஒரு ஹோஸ் போட்டுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. டேங்க் வெடித்தால் அது குண்டுதான்.

பில்டரும் அவசியம். பட்டறைக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும். தண்ணீர் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். சோதிக்கப் போய் நாமே பழுதை ஊற்றிவிட்டு வரக் கூடாது.

எங்கே மாட்டுவது?

வால்வுகளின் உடம்பில் எண்கள் வார்த்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உலகம் முழுக்க ஒரே அர்த்தம்தான். 1 என்றால் காற்று உள்ளே வரும் வழி. 2 என்றால் வெளியே போகும் வழி. 3 என்றால் வெளிமண்டலத்துக்கு விடும் வழி. 4 என்றால் கட்டளைக் காற்று வரும் வழி. 21, 22, 23, 24 என்று இருந்தால் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று வரிசையாகப் போகும் வழிகள். இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் படம் இல்லாமலே எந்த வால்வையும் படிக்கலாம்.

பல வண்டிகளில் அன்லோடர் அல்லது டிரையரில் டயருக்குக் காற்று பிடிக்கும் இணைப்பு ஒன்று உண்டு. வெளியிலிருந்து காற்று நிரப்பவும் அது பயன்படும் வகையில் சிலவற்றில் அமைத்திருப்பார்கள். அதில் 1-2 என்ற எண் இருக்கும். அது இல்லாத வண்டியில் டெஸ்ட் பாயின்ட் இருக்கலாம். எங்கே மாட்டினாலும் ஒரு விதி உண்டு. காற்று சிஸ்டம் புரொடெக்‌ஷன் வால்வுக்கு முன்னால் நுழைய வேண்டும். அப்போதுதான் எல்லாச் சுற்றுக்கும் முறையாகப் பிரிந்து போகும். ஒரே ஒரு டேங்க்கில் நேராக மாட்டினால் அந்தச் சுற்று மட்டும் நிரம்பும். மற்றது காலியாகவே இருக்கும்.

முதல் வேலை கட்டை போடுவது

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏர் இல்லாமல் நிற்கும் வண்டியை ஸ்பிரிங்தான் பிடித்திருக்கிறது. கை பிரேக் லீவர் விடுபட்ட நிலையில் இருந்து, நாம் வெளிக்காற்றைக் கொடுத்தால், காற்று ஏறஏற ஸ்பிரிங் சுருங்கி, பிரேக் தானாக விடுபடும். இன்ஜின் ஓடவில்லை, கேபினில் ஆள் இல்லை, வண்டி அமைதியாக உருளும். அடியில் படுத்திருப்பவர் கதி என்ன? அதனால் கட்டை போட்டு, லீவரைப் பார்க்கிங் நிலையில் வைத்துவிட்டுத்தான் ஹோஸைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஸ்பிரிங் சேம்பரை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு இருக்கிறது. அதைச் சுருக்கிப் பிடிக்கும் நீளப் போல்ட்டைப் போடாமல் கிளாம்பில் கை வைத்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அடுத்தது, ஒருவர் பெடலை மிதிக்கும்போது இன்னொருவரின் விரல் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கம் இருக்கக் கூடாது. மிதிப்பவர் "மிதிக்கிறேன்" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே மிதிக்க வேண்டும்.

சோதனை முறை

1. டேங்க்குகளின் டிரெயின் காக்கைத் திறந்து விடுங்கள். வருவதை ஒரு பழைய துணியில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் ஈரம் பரவாயில்லை. தண்ணீர் கொட்டினால் டிரையர் வேலை செய்யவில்லை. கருப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருக்கிறது. காக்கை மூடுங்கள்.

2. ரெகுலேட்டரை வண்டியின் அளவுக்கு வைத்து, பால் வால்வை மெதுவாகத் திறந்து நிரப்புங்கள். சாவியை மட்டும் ஆன் செய்தால் டேஷ்போர்டு மீட்டரும் பஸ்ஸரும் வேலை செய்யும். எந்த அழுத்தத்தில் பஸ்ஸர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டுவதையும் நம் கேஜ் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். மீட்டரே பொய் சொன்னால் டிரைவர் என்ன செய்வார்?

3. முழு அழுத்தம் வந்ததும் கட்டைகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கை பிரேக் லீவரை விடுவியுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங் சேம்பர்களிலும் அதற்குப் போகும் குழாய்களிலும் காற்று நிற்கும். அவையும் சோதனைக்குள் வரும். குறைந்த அழுத்தத்தை நிரப்பிவிட்டு பால் வால்வை அடையுங்கள். சில நிமிடம் பொறுங்கள். அமுக்கிய காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். ஆறும்போது லீக் இல்லாமலே அழுத்தம் சற்று இறங்கும். அதை லீக் என்று நினைக்கக் கூடாது. முள் நிலைத்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் லாரி லைசென்ஸ் சோதனையில் தனி வண்டிக்கு ஒரு நிமிடத்தில் 2 பவுண்டு, டிரெய்லரோடு 3 பவுண்டு வரைதான் இறங்கலாம் என்பது அளவு. 2 பவுண்டு என்றால் சுமார் 0.14 பார். ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பத்து நிமிடம் பாருங்கள்.

4. இப்போது பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். முதலில் முள் ஒரு படி இறங்கும். டேங்க் காற்று சேம்பர்களை நிரப்புவதால் இது இயல்பு. அதற்குப் பிறகு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் லீக். அதே அமெரிக்கச் சோதனையில் இதற்கு அளவு, தனி வண்டிக்கு நிமிடத்துக்கு 3 பவுண்டு, டிரெய்லரோடு 4 பவுண்டு.

5. அந்த முதல் படி இறக்கத்தையும் வீணாக்காதீர்கள். டைப் 30 சேம்பரில் புஷ் ராடு 2 அங்குலம் போனால் 30 × 2 = 60 கன அங்குலம், ஏறக்குறைய 1 லிட்டர். 1 அங்குலம் போனால் அரை லிட்டர். நான்கு சேம்பர் உள்ள வண்டியில் 60 லிட்டர் டேங்க் 7 பாரில் இருந்தால், புஷ் ராடு 1 அங்குலம் போகும்போது முள் சுமார் 0.25 பார் இறங்கும். 2 அங்குலம் போகும்போது சுமார் 0.5 பார். குழாய்க்குள் போகும் காற்றையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதாவது ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்த வண்டி ஒவ்வொரு மிதிக்கும் இரட்டிப்புக் காற்றைக் குடிக்கிறது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸர் இதை உடனே ஈடுகட்டி மறைத்துவிடும். வெளிக்காற்றை அடைத்துச் சோதிக்கும்போது மறைக்க யாரும் இல்லை.

6. ஒவ்வொரு சக்கரமாக அளக்க, ரெகுலேட்டரை 6.5 முதல் 7 பார் வரை வைத்து பால் வால்வைத் திறந்தே வையுங்கள். பெடலை விட்டு, புஷ் ராடில் சேம்பர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். மிதித்ததும் கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று ஸ்கேலால் அளவெடுங்கள். அழுத்தம் மாறாமல் நிற்பதால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே நியாயம் கிடைக்கும். அமெரிக்கச் சாலைச் சோதனையில் சாதாரண டைப் 30-க்கு 2 அங்குலம், டைப் 24-க்கு 1¾ அங்குலம் எல்லை. ஒரே அச்சில் இடது, வலது வித்தியாசம் அதிகம் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

7. வெளிக்காற்றை அடைத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்குங்கள். பஸ்ஸர் ஒலிக்கிறதா? எந்த அழுத்தத்தில்? தொடர்ந்து இறக்கினால் ஸ்பிரிங் பிரேக் பிடிக்கிறதா? கட்டை அப்போதும் இருக்கட்டும்.

8. மறுபடி நிரப்பி அடைத்து, ஒரு டேங்க்கின் டிரெயின் காக்கை மட்டும் திறந்து காலி செய்யுங்கள். மற்ற சுற்றில் காற்று மிஞ்ச வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கி ஒன்றுமில்லாமல் போனால் புரொடெக்‌ஷன் வால்வு வேலை செய்யவில்லை. ஒரு குழாய் அறுந்தாலும் வண்டிக்கு ஒரு பிரேக் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வால்வே இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

என் அப்பா லாரி டிரைவர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். பாரம் ஏற்றிப் புறப்படும் முன், இன்ஜினை அணைத்து, கிளீனரை வாய் மூடச் சொல்லி, பெடலை மிதித்துப் பிடித்துக் காது கொடுப்பார். "ஏரு பேசும்டா, நாமதான் கேக்கணும்" என்பார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் காதால் செய்ததற்கு இங்கே வந்த பிறகுதான் காரணம் கிடைத்தது. அந்தக் காரணங்களை இங்கே தருகிறேன்.

பெடலை மிதிக்காதபோது புட் வால்வின் 3-ம் எண் வாயில் காற்று கசிந்தால், உள்ளே வரும் வால்வு சரியாக உட்காரவில்லை. தூசியாகவும் இருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் அதே வாயில் கசிந்தால், வெளியே விடும் வால்வின் சீட் கெட்டிருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் சேம்பரில் சத்தம் வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. கை பிரேக் விடுவித்தபோது மட்டும் பின் சேம்பரில் சத்தம் என்றால் ஸ்பிரிங் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். எப்போதும் ஒரே சத்தம் என்றால் டேங்க், காக், குழாய் இணைப்பு.

சத்தம் கேட்காத லீக்குக்குச் சோப்புத் தண்ணீர். பிரஷ்ஷால் தடவினால் குமிழி வரும். தீக்குச்சி, லைட்டர் கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டீசலும் கிரீசும் ஒட்டிய இடத்தில் அது வேண்டாத வேலை.

தனியாக நிற்கும் டிரெய்லர்

டிரெய்லருக்கு இரண்டு குழாய். சிவப்புத் தலை சப்ளை, மஞ்சள் தலை கட்டளை. அமெரிக்க வண்டிகளில் மஞ்சளுக்குப் பதில் நீலம். பிரைம் மூவர் லோடு எடுக்கப் போயிருக்கும்போதே டிரெய்லரை முழுக்கச் சோதித்துவிடலாம். கட்டை போட்டு, சிவப்பில் வெளிக்காற்றைக் கொடுத்து டேங்க்கை நிரப்புங்கள். பிரேக் விடுபட வேண்டும். பிறகு மஞ்சளில் ரெகுலேட்டர் வழியாகக் காற்று கொடுங்கள். எல்லாச் சக்கரத்திலும் பிடிக்க வேண்டும்; எடுத்தால் உடனே விட வேண்டும்.

கடைசியாக, சிவப்பு ஹோஸை அடைத்து, காற்றை விட்டுவிட்டுக் கழற்றுங்கள். அழுத்தத்தோடு கழற்றினால் ஹோஸ் சாட்டையாக அடிக்கும். சிவப்பில் காற்று போனதும் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டால் அது தனியாக ஓடி யார் மேலும் ஏறாமல் இருப்பது இந்த ஒரு செயலால்தான். இந்தச் சோதனையைப் பட்டறையில் செய்து பார்க்காவிட்டால் ரோட்டில்தான் தெரியும்.

வெளிக்காற்று சொல்லாதவை

இவ்வளவும் சரியாக இருந்தால் பிரேக் சரி என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? முடியாது. கம்ப்ரஸர் எவ்வளவு நேரத்தில் ஏற்றுகிறது, அன்லோடர் எந்த அழுத்தத்தில் திருப்பி விடுகிறது என்பதெல்லாம் இன்ஜின் ஓடினால்தான் தெரியும். ஆகவே வெளிக்காற்றுச் சோதனை முடிந்த பிறகு இன்ஜினையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதில் எண்ணெய் பட்டிருக்கிறதா, டிரம்மில் விரிசல் உண்டா என்பதைக் காற்று சொல்லாது. கண்ணால் பார்க்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைவதற்கும் காற்று அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. முழு அழுத்தம் இருக்கும்போதே அது நடக்கும். அதற்குச் சின்ன கியரும் நிதானமும்தான் மருந்து.

நம் பக்கத்திலேயே ஒரு பெருமை

இந்த வால்வுகளையும் சேம்பர்களையும் செய்யும் தொழில் நமக்கு அந்நியமானது அல்ல. சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டீவாண்டர் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. அதன் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்த மாதிரி ஆலைகளில் வால்வு செய்யும் வேலைக்கும், அதே வால்வைப் பட்டறையில் கழற்றிப் பார்க்கும் வேலைக்கும் டிப்ளமோ படித்த நாம்தான் போகப் போகிறோம்.

நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் இருக்கிறது. வெட்டு மாதிரியாகப் புட் வால்வும் சேம்பரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு ரெகுலேட்டரும் கேஜும் சேர்த்தால், டேங்க்கிலிருந்து சேம்பர் வரை ஒரு பலகையில் பொருத்தி, மேலே சொன்ன லீக் சோதனையை நம் லேபிலேயே செய்துவிடலாம். அடுத்த ஆண்டு புராஜெக்ட் எடுக்கப் போகும் தம்பிகள் இதை யோசித்துப் பாருங்கள். செலவு அதிகம் ஆகாது. துறைத் தலைவர் ஐயாவிடம் கேட்டால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.